மாளி என்றால் நாய்

கருங்கரட்டில் வேட்டைநாயை நாய் என்று யாரும் சொல்வதில்லை. மாளி என்பார்கள். தெருவில் திரிகிறது, குப்பையைக் கிளறுகிறது, பஸ்ஸைத் துரத்துகிறது எல்லாம் நாய். நெஞ்சு ஆழமாக, இடுப்பு ஒரு பிடிக்குள் அடங்குகிற மாதிரி, கால் நீண்டு, முயலையே தாண்டி ஓடி நின்று திரும்பிப் பார்க்கிற சாதி மட்டும் மாளி. கடுவன் என்றாலும் மாளி, பெட்டை என்றாலும் மாளி. எங்க மாளி குட்டி போட்டிருக்கு என்பார்கள், மதுரைக்காரரு ரெண்டு மாளி கேக்காரு என்பார்கள், பள்ளிக்கூடத்தில் நாய் படம் வரையச் சொன்னால் நாயா மாளியா டீச்சர் என்று பிள்ளைகள் கேட்கும். ஊருக்கு இதில் ஒரு அதிசயமும் கிடையாது. முப்புடாதி மட்டும் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பாள். ஏனென்றால் மாளி அவள் மகள்.

முழுப்பேர் உச்சிமாளி. ஊருக்கு வடக்கே வேம்படியில் இருக்கிற உச்சினிமாகாளியிடம் நேர்ந்து பிறந்தவள் என்பதால் அந்தப் பேர். பெரிய அழகி என்றெல்லாம் இல்லை. பல் கொஞ்சம் தூக்கல், பேச்சு கொஞ்சம் அதிகம், கோபம் வந்தால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு ஆட்டுக்குடிசையில் போய்ப் படுத்துக்கொள்வாள். ஆனால் அவள் கை வேறு கை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வேட்டைக்குட்டி கண் திறந்து முதல் சோறு தின்கிற நாளில் ஆம்பிளை கை அதன் மேல் படக்கூடாது. கல்யாணமாகாத பொண்ணு ஒருத்தி கம்பஞ்சோற்றை ஆட்டுப்பாலில் பிசைந்து, உள்ளங்கையில் வைத்து நக்கக் கொடுக்கவேண்டும். மூக்கு முதலில் ஒரு பொண்ணின் கையைப் படிக்கவேண்டும், முயலை அப்புறம் படித்துக்கொள்ளலாம். அப்படிப் படித்த நாய் எத்தனை காடு தாண்டி விரட்டிப் போனாலும் அந்தக் கையைத் தேடித் திரும்பி வந்துவிடும் என்பது ஊரின் நம்பிக்கை. மாளி கையில் தின்ற குட்டி ஒன்றுகூடச் சோடை போனதில்லை என்று பேச்சு கிளம்பி, அவளுக்குப் பாவாடை கட்டுகிற வயசிலிருந்தே ஊரில் எந்த வீட்டில் குட்டி போட்டாலும் கூடையில் வைத்து முப்புடாதி வாசலுக்குத்தான் கொண்டுவருவார்கள். ஊரிலுள்ள அத்தனை வேட்டைநாயும் அவள் உள்ளங்கையை நக்கி வளர்ந்தது. இதை எல்லாரும் அறிவார்கள். அறிந்த ஊர்தான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தது.

மாளி தையல் கிளாஸுக்கு டவுனுக்குப் போய்வந்தாள். பால்வண்டி ஓட்டுகிற பையன் ஒருத்தனோடு பழகினாள். அவன் வேறு ஆள். வேறு ஆள் என்றால் என்ன என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஒருநாள் காலையில் தையல் பையை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பவில்லை. ரெண்டு பேரும் பஸ் ஏற முடியாமல், ரோட்டில் ஆள் நிற்பதைப் பார்த்துவிட்டு, வறண்டு கிடந்த பெரிய குளத்துக்குள் இறங்கி உடைமரக்காட்டுக்குள் போயிருக்கிறார்கள் என்று மத்தியானத்துக்குள் சேதி வந்தது. மாளியின் பெரியப்பா ஊய்க்காட்டான்தான் வேட்டைக்கு முன்னால் போகிறவர், ஊருக்கும் முன்னால் நிற்கிறவர். காட்டுக்குள்ளே போனவளை ஆளு தேடினா அகப்படாது, நாயை அவுத்து விடுங்கலே என்றார். ஆணியில் தொங்கிய வாரை எடுத்துக்கொண்டு தன் புருஷன் சொள்ளமாடனும் அவர்கள் பின்னால் போனதை முப்புடாதி அடுப்படியிலிருந்து பார்த்தாள். கூட்டிக்கொண்டு வரத்தான் போகிறார்கள் என்று நினைத்து அன்றைக்கு ஒரு ஆள் சோறு கூடுதலாகவே பொங்கினாள்.

சாயங்காலம் ஆம்பிளைகள் மட்டும் வந்தார்கள். நாய்கள் வரவில்லை. பம்புசெட்டில் வரிசையாக நின்று தலையோடு குளித்தார்கள். ஊய்க்காட்டான் ஈரத்தலையோடு தெருவில் நின்று, அந்தக் கழுதையைத் தலைமுழுகியாச்சு, இனிமே அந்தப் பேரு இந்த ஊருக்குள்ள கேக்கக்கூடாது என்று பொதுவாகச் சொன்னார். பையன் ரயில் தண்டவாளத்தில் கிடந்தான். மாளி எங்கேயும் கிடக்கவில்லை. வெளியூரிலிருந்து விசாரிக்க வந்தவர்களிடம், ஓடிப்போனவ ஓடிப்போனதுதான் என்றார்கள். அவர்களும் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அதோடு முடிந்தது என்று ஊர் நினைத்தது. கோயிலைக்கூட வெறும் அம்மன் கோயில் என்று சொல்லப் பழகினார்கள், மேலத்தெருவில் அதே பேரில் இருந்த இன்னொருத்தியை உச்சி என்று பாதியாக வெட்டிக் கூப்பிட்டார்கள், முப்புடாதி அழுதால் பக்கத்து வீட்டுக்காரிகள் என்ன உடம்புக்கு என்று கேட்டார்கள்.

நாய்கள் சில நாள் கழித்துக் குளத்துக்கரைக்கு வந்து உட்கார்ந்தன. ஊருக்குள் வரவில்லை. சொந்தக்காரர்கள் போய்ச் சீட்டியடித்தார்கள், ஜூ ஜூ என்றார்கள், ராக்கெட்டு, சூரி, கருமணி என்று அததன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நாய்கள் மனிதர்களைப் பார்த்தன, முன்னங்காலில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டன, அவ்வளவுதான். கறித்துண்டு போட்டால் ஈதான் தின்றது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

முப்புடாதி விறகு பொறுக்கப் போனவள், சுற்றிலும் யாரும் இல்லை என்பதால், கரையில் உட்கார்ந்து தன் மகள் பேரைச் சொல்லி அழுதாள். ஊர் முழுக்கத் தடை, வீட்டிலும் தடை, தலையணைக்குள் சொன்னாலும் புருஷன் புரண்டு படுக்கிறான், இங்கே கரையில் சொல்ல என்ன. மாளி என்று வாய்விட்டுச் சொன்னாள். படுத்துக்கிடந்த நாய்கள் அத்தனையும் ஒரே சமயத்தில் எழுந்து, உடம்பை உதறி, வந்து அவளைச் சுற்றி நின்றன. அவளுக்கு அதில் பயமும் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை. இதுகளுக்காவது ஞாபகம் இருக்கிறதே என்று மட்டும் நினைத்தாள். விறகைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவள் பின்னால் நாய்கள் ஊருக்குள் வந்தன.

அன்றிலிருந்து அந்த நாய்களுக்கு அந்த ஒரு சொல்தான். வேறு எதைச் சொன்னாலும் காது அசையாது. முப்புடாதி தன் வாசலில் நின்று, இத்தனை நாள் தொண்டையில் அடைத்துக் கிடந்ததை எல்லாம் சேர்த்து, மாளீ என்று கத்துவாள். ஊரிலிருக்கிற வேட்டைநாய் மொத்தமும் அவள் வாசலுக்கு ஓடிவரும். ஊய்க்காட்டான் வந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"என்ன பேரைச் சொல்லுத?"

"நாயைக் கூப்பிடுதேன், பெரியத்தான்."

"நாய்க்கு வேற பேரா கெடைக்கல?"

"நீங்க வேற பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. ஒங்க நாயிதான் இந்தா நிக்கி."

அவர் கூப்பிட்டுப் பார்த்தார். அவருடைய கருமணி அவரைக் கண்டுகொள்ளாமல் முப்புடாதியின் சேலைத் தலைப்பை முகர்ந்துகொண்டு நின்றது. அவர் திரும்பிப் போய்விட்டார்.

ஆனால் எத்தனை நாள் முப்புடாதி வாசலிலேயே ஊர் நாயெல்லாம் தின்னும்? ஆம்பிளைகளுக்கு மானம் பெரிசு, நாயும் பெரிசு. முதலில் பொண்டாட்டிகளைக் கூப்பிடச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பொம்பளைகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அரைவாசி சத்தத்தில் சொன்னார்கள். ஒருத்தர் மாரி என்று கூப்பிட்டுப் பார்த்தார், மணி என்று பார்த்தார், மாலா என்றுகூடப் பார்த்தார், நாய் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் படுத்தது. ஒருத்தர் இருமுகிற மாதிரி இருமி அதற்குள் அந்தப் பேரைச் சொருகினார், நாய் வந்தது, ஊரே கொஞ்ச நாள் இருமிக்கொண்டு திரிந்தது, யாரோ டவுன் டாக்டரிடம் சொல்லி ஊரில் காசம் பரவியிருக்கிறதா என்று பார்க்க வண்டி வந்தது. அதற்கப்புறம் இருமுவதை விட்டுவிட்டு நேராகவே சொன்னார்கள். ஒருதரம் சொன்ன வாய்க்கு ரெண்டாம் தரம் லேசு. மூன்றாம் தரம் அது வெறும் சத்தம்.

அறுவடை முடிந்து காடு வெறிச்சோடியதும் வேட்டை ஆரம்பித்தது. முயல் அடித்தால் கேஸ் என்று தெரிந்தும் போனார்கள், எப்போதும் போகிறவர்கள்தானே. கரிசக்காட்டில் பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்த முப்புடாதி நிமிர்ந்து நின்று கேட்டாள். தெற்கேயிருந்து ஒருத்தன் மாளீ என்றான், கிழக்கேயிருந்து ஒருத்தன் மாளி மாளி மாளி என்றான், ஓடைக்குள்ளிருந்து ஊய்க்காட்டானின் கரகரத்த குரல் ஏ மாளீ என்று வந்தது. எந்த வாய்கள் அவளைத் தலைமுழுகினவோ அந்த வாய்களெல்லாம் காடு முழுக்க நின்று அவள் மகளைத் தேடுகிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டிருந்தன. முப்புடாதி பருத்திமாரைக் கீழே போட்டுவிட்டு அம்மன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். இதுதான் தீர்ப்பு என்று நினைத்தாள். சாகிறவரைக்கும் இவர்கள் அவளைக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்று நினைத்தாள். அந்த வருஷம் பிறந்த குட்டிகளும், மாளியைக் கண்ணாலும் காணாத குட்டிகள், கண் திறக்கும் முன்பே அந்தப் பேருக்குத் தலையைத் திருப்பின.

அவள் கணக்கு தப்பு. ஊர் எதையும் தின்று செரித்துவிடும். அடுத்த மழைக்குள் அந்தப் பேர் யார் தொண்டையிலும் முள்ளாகக் குத்தவில்லை. மாளிக்குச் சொறி பிடிச்சிருக்கு என்றார்கள். அந்த மாளியைச் செருப்பால அடி, சட்டியில வாயை வைக்கி என்றார்கள். சனியன் பிடிச்ச மாளி என்றார்கள், மாளிகள் என்று பன்மையில் சொன்னார்கள், மாளிக்குட்டி விற்பனைக்கு என்று ரோட்டோரம் அட்டை தொங்கவிட்டார்கள். வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள்களுக்கு அது அந்த ஊரில் வேட்டைநாய்க்கு வழங்குகிற சொல், அவ்வளவுதான். பிறந்து வளர்கிற பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. அவர்களுக்கு மாளி என்றால் நாய், தண்ணீர் என்றால் தண்ணீர் என்கிற மாதிரி.

முப்புடாதிக்கு இப்போது ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. ஊரில் யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், இது உன் மகள் பேரு என்று சொன்னால் போதும். புதுசாக வந்த மருமகள் ஒருத்தியிடம் குழாயடியில், இது எம் மக பேரு தாயீ என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண் குடத்தை இடுப்பில் வைத்தபடி அக்கறையாகக் கேட்டாள். அதற்குள் அவள் மாமியார் வந்து, இவளுக்குத் தலை சரியில்ல நீ வா என்று இழுத்துக்கொண்டு போனாள். அந்த மாமியார் மாளியின் தலையில் பேன் பார்த்தவள். மேலத்தெரு உச்சியிடம் கேட்டாள். எனக்கு எம்பேரே பாதிதான் ஞாபகம் இருக்கு மைனி என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

சொள்ளமாடன் மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அன்றைக்கு அப்புறம் அவன் நாய் வளர்க்கவில்லை. ஆடு மேய்த்தான், வந்தான், தின்றான், படுத்தான். தெருவில் யாராவது மாளி என்று கத்தினால் அவன் தோள் மட்டும் ஒருதரம் ஏறி இறங்கும். அவளை எங்கே போட்டிய என்று முப்புடாதி ஒரே ஒருதரம் கேட்டாள். அவன் பாதிச் சோற்றில் எழுந்து போனான். திரும்பி வந்து அவளை அடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

இப்படியிருக்கையில் ஊய்க்காட்டானின் நாய் ஒன்று எங்கேயோ நடந்த கண்காட்சியில் பரிசு வாங்கிவிட்டது. அதற்கப்புறம் கார்கள் வர ஆரம்பித்தன. நாட்டுநாய்ச் சங்கம் என்று சொல்லிக்கொண்டு நாலைந்து பேர் வெள்ளைச் சட்டையில் வந்தார்கள். நாய் அருமை, ஓட்டம் அருமை, இதைத் தனி இனமாக அறிவிக்கவேண்டும், அதற்கு முன்னால் ஒன்று தெரியவேண்டும், மாளி என்றால் என்ன அர்த்தம், எப்போதிருந்து சொல்கிறீர்கள் என்றார்கள். அந்தக் காலத்திலேருந்து சொல்லுதோம் என்றார் ஊய்க்காட்டான். எந்தக் காலம் என்றார்கள். அந்தக் காலம்தான் என்றார். அன்றைக்கு அவருக்கு முதல் தடவையாக வேர்த்ததை முப்புடாதி தெருமுனையிலிருந்து பார்த்தாள். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவளுக்குள் ஏதோ எழுந்து உட்கார்ந்தது. கேட்கிறவன் வந்துவிட்டான். இனி யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

சங்கத்துக்காரர்கள் அடுத்த தடவை ஒரு பேராசிரியரைக் கூட்டிவந்தார்கள். அறவாழி என்று பேர். நல்ல மனுஷன், குரலில் கனிவு, யாரைப் பார்த்தாலும் அய்யா, அம்மா. ரெண்டு நாள் ஊரைச் சுற்றினார். மூன்றாவது நாள் ஊய்க்காட்டான் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டே விஷயத்தைப் போட்டு உடைத்தார். பழைய தமிழில் நாய்க்கு ஞமலி என்று ஒரு சொல் இருக்கிறது, ஞாளி என்றும் இருக்கிறது, ரெண்டாயிரம் வருஷத்துச் சொல். தமிழ்நாட்டில் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள், நீங்கள் ஒரு ஊர் மட்டும் வாயிலேயே வைத்துக் காப்பாற்றியிருக்கிறீர்கள், ஞாளிதான் தேய்ந்து மாளி.

ஊரே மூச்சு விட்டது. அதுவரைக்கும் அந்த மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது, விட்ட பிறகுதான் தெரிந்தது. ஆம்பிளைகளின் முகத்தில் கழுவிவிட்ட மாதிரி ஒரு தெளிச்சி. ரெண்டாயிரம் வருஷமா, அப்போ அது நாய்தான், எப்போதும் நாய்தான், நடுவில் யாரோ ஒருத்தி அந்தப் பேரில் இருந்ததாகத் தோன்றினால் அது வெறும் தோற்றம். டீக்கடையில் ஞமலி ஞமலி என்று சொல்லிப் பார்த்து நாக்கைப் பழக்கினார்கள். ஊய்க்காட்டான் தன் செலவில் ஊர் எல்லையில் கல் நடுவதாகச் சொன்னார். சொல்லும் அதன் பொருளும் பிறப்பும் அதில் வெட்டப்படும். முப்புடாதிக்குப் புரிந்துவிட்டது. நாய் சாகும், ஆள் சாகும், கல் சாகாது. அந்தக் கல் நின்றுவிட்டால் அவள் மகள் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, மைக் கட்டினார்கள். கல்லுக்கு மஞ்சள் துணி சுற்றியிருந்தது. பின்னால் வாடகைப் பாத்திரத்தில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. ஊர்ப் பிள்ளைகள் நாய்களைக் குளிப்பாட்டிக் கழுத்தில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். பேராசிரியர் பேசினார், நன்றாகவே பேசினார். நடுவில் ஒரு ஆசையில் நாய்களைப் பார்த்து ஞமலி என்று கூப்பிட்டார். ஒரு நாய் கொட்டாவி விட்டது. கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார், அதுக்கு ரெண்டாயிரம் வருஷத் தூக்கம் என்றார். ஊய்க்காட்டான் எழுந்து மாளி என்றார். ரிப்பன் கட்டிய நாய்கள் மொத்தமும் துள்ளி வந்து மேடைக்கு முன்னால் நின்றன. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அப்புறம் பேராசிரியர், ஆராய்ச்சிக்காரர் என்பதால் முறையாகக் கேட்டார். இந்தப் பேர் உங்கள் ஊரில் மனிதர்கள் யாருக்காவது உண்டா, ஏனென்றால் அதையும் பதிவு செய்யவேண்டும். ஊய்க்காட்டான் மைக்கை வாங்கினார்.

"இல்ல சார். எங்க ஊர்ல அந்தப் பேரு யாருக்கும் கெடையாது. இருந்ததும் கெடையாது."

மேலத்தெரு உச்சி தரையைப் பார்த்தாள். எல்லாரும் எங்கேயாவது பார்த்தார்கள். முப்புடாதி பொம்பளைகள் வரிசையின் கடைசியிலிருந்து எழுந்தாள்.

"எம் மகளுக்கு இருந்துச்சு, சார்."

பேராசிரியர் அவளை முன்னால் வரச் சொன்னார். மகள் பேரென்னம்மா என்றார். உச்சிமாளி, நாங்க மாளின்னு கூப்பிடுவோம் என்றாள். அவர் முகம் மலர்ந்தது. கெட்ட எண்ணம் அவருக்குக் கடுகளவும் இல்லை, அதுதான் கொடுமை. அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பாருங்க, தாங்கள் வளர்க்கிற நாய் மேல எவ்வளவு பாசம் இருந்தா பெத்த மகளுக்கே அதோட பேரை வைப்பாங்க! இதைவிட வேற சான்று வேணுமா?"

கைதட்டினார்கள். ஊய்க்காட்டான் முதலில் தட்டினார், அப்புறம் எல்லாரும். சிலர் உண்மையாகவே நெகிழ்ந்துபோய்த் தட்டினார்கள். ஆமா, முப்புடாதிக்கு நாயின்னா உசுரு என்று ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள், சொல்லும்போதே அதை நம்பவும் செய்தாள். முப்புடாதிக்குத் தண்ணிக்குள் அமுக்கிப் பிடித்த மாதிரி சத்தமெல்லாம் தூரத்தில் கேட்டது. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, அதையும் ஊர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டது.

கைதட்டல் ஓயும்போது ஆம்பிளைகள் பக்கம் ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது. சொள்ளமாடன் நின்றுகொண்டிருந்தான். அவன் குரலைக் கேட்டு ஊருக்கு ரொம்ப நாளாயிற்று. மைக் அவன் கையில் இல்லை, ஆனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"நாயைப் பாத்து மகளுக்குப் பேரு வைக்கல. நாங்க வெரட்டிக்கிட்டுப் போனோம். அவ கையில தின்ன நாயிங்க. கடிக்கல. வாலை ஆட்டிக்கிட்டு ஓடிப்போயி அவ மடியில ஏறுச்சு. அவளும் ஓடாம உக்காந்து, ஒண்ணொண்ணையா தடவிக் குடுத்துக்கிட்டு இருந்தா. பய ஓடுடீன்னு இழுக்கான், இவ நாயை விட்டுட்டு வரமாட்டேங்கா. அப்பதான் நாங்க போய்ச் சேந்தோம்."

ஊய்க்காட்டான், ஏலே உக்காரு என்றார். சொள்ளமாடன் அவரைப் பார்க்கவில்லை. பொண்டாட்டியைத்தான் பார்த்தான்.

"பெரிய கொளத்து மடைக்கு மேக்க, ரெட்டை ஒடைமரத்துக்கு நடுவுல, ஏளா. அண்ணன் அவளைப் பிடிச்சுக்கிட்டாவ. நான் தோண்டுனேன்."

மைக்செட்காரன் எதற்கும் இருக்கட்டும் என்று சுவிட்சை அணைத்தான். சங்கத்துக்காரர்கள் போனை எடுத்து எதையோ பார்த்தார்கள். பேராசிரியர் எழுதிக்கொண்டு வந்த பேச்சுத் தாளை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், அதற்கு மேல் மடிக்க முடியாமல் பையில் போட்டார். அப்புறம் சமையல்காரர் பின்னாலிருந்து வந்து, கறி ஆறுது, பந்தி போட்டிரலாமா என்று கேட்டார். நல்ல கேள்வி என்கிற மாதிரி எல்லாரும் எழுந்தார்கள். இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள், சோறு விழுந்தது. குழம்பு கேட்டார்கள். யாரோ மஞ்சள் துணியை உருவி விட்டார்கள், கல் வெயிலில் நின்றது. ஊர் அதையும் தின்றுவிடப் பார்த்தது.

முப்புடாதி புருஷனைத் திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. பந்தலைத் தாண்டி, கல்லைத் தாண்டி, பெரிய குளத்துக்குள் இறங்கினாள். உச்சி வெயில். வெடித்த களிமண் காலைக் கிழித்தது. மடைக்கு மேற்கே ரெட்டை உடைமரம் நின்றது. நடுவில் ஒரு அடையாளமும் இல்லை, சும்மா தரை, கொஞ்சம் காய்ந்த புல். விறகுக்கு அவள் எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறாள். அந்த மரத்தில்கூட ஒடித்திருக்கிறாள். உட்கார்ந்தாள். மண்ணில் கையை வைத்தாள், சுட்டது, எடுக்கவில்லை.

பிறகு கூப்பிட்டாள். நாயைக் கூப்பிடுகிற மாதிரி இழுத்துக் கூப்பிடவில்லை. கோபித்துக்கொண்டு ஆட்டுக்குடிசையில் போய்ப் படுத்திருக்கிறவளைச் சோறு தின்ன எழுப்புகிற மாதிரி கூப்பிட்டாள்.

"ஏட்டி மாளி. அம்மா வந்திருக்கேன்."

வெட்டவெளியில் சத்தம் தூரம் போகும். பந்தலடியில் எலும்பு கடித்துக்கொண்டிருந்த நாய்கள் அத்தனையும் தலையைத் தூக்கின. காதுகள் குளத்துப் பக்கம் திரும்பின. ரிப்பன் கட்டிய கழுத்துகள் அப்படியே நீண்டு நின்றன. பந்தியில் இருந்தவர்கள் கையைச் சோற்றில் வைத்தபடி பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்தப் பேரைக் கேட்டு ஓடாத நாய் கிடையாது. ஆனால் ஒரு நாயும் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டது தங்களை அல்ல என்பது அதுகளுக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் கேட்டன. பிறகு ஒவ்வொன்றாக முன்னங்காலில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டன.

மறுநாளிலிருந்து மாளி என்றாலும் வரவில்லை. ஞமலி என்றாலும் வரவில்லை, பழைய பேர்களுக்கும் வரவில்லை. போட்டதைத் தின்றன, பக்கத்தில் வந்தால் தடவவிட்டன, கூப்பிட்டால் மட்டும் அசையவில்லை. சங்கத்துக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். கல் மட்டும் எல்லையில் நிற்கிறது, சொல்லும் அதன் பொருளும் அதன் பிறப்பும் அழகாக வெட்டப்பட்டிருக்கிறது, அந்தச் சொல்லால் கூப்பிட்டால் வருகிற நாய்தான் ஊரில் இல்லை. மற்றவர்கள் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். ஊய்க்காட்டானுக்கு விடமுடியவில்லை. வேட்டைக்கு முன்னால் போன மனுஷன், தன் நாய் தன் சொல் கேட்காது என்பதை அவரால் தாங்கமுடியவில்லை. தினமும் காலையில் காட்டுக்குப் போய் வரப்பில் நின்றுகொண்டு மாளி என்பார். கொஞ்சம் உரக்க மாளி என்பார். தொண்டை கட்டுகிறவரைக்கும் கூப்பிடுவார், கட்டியபிறகும் கூப்பிடுவார். நாய் அவர் காலடியிலேயே படுத்துக்கிடக்கும். பஸ்ஸில் போகிற வெளியூர்க்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பாவம், பிள்ளையைத் தொலைத்துவிட்டார் போல, யாரோ மாளியாம் என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.